பிள்ளைகளின் உழைப்பு பிள்ளைகளின் பெயரிலேயே இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலந்தொட்டு எங்கள் வீட்டுக்கு உங்கள் நாளிதழ் வருகிறது. ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் கணினிக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறீர்கள். கைப்பேசிச் செயலிகள், விளையாட்டுகள், இப்போது செயற்கை நுண்ணறிவு என்று நிறைய வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் நிரல் எழுதப் பழகும் ஒரு பிள்ளை, தான் எழுதியதை எங்கே வைப்பது, யார் பெயரில் வைப்பது என்று ஒரு வரிகூட அதில் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கெடா, பாடாங் செராயில் இருக்கிறேன். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை. சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் 14 பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. பாதிப் பேர் இன்னமும் செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள். மற்றவர்கள் தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளைகள். 9 பழைய மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம். இணையம் என் கைப்பேசியிலிருந்து.

இந்த வகுப்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் மாதம் 80 வெள்ளி கட்டி இரண்டு ஆண்டுகள் படித்தான். அங்கே பிள்ளைகள் எழுதிய நிரல் எல்லாம் நிலையத்தின் ஒரே கணக்கில் இருந்தது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு இல்லை. வீட்டுக்கு எடுத்துவர நகலும் இல்லை. ஒரு நாள் நிலையத்தை மூடிவிட்டார்கள். கணக்கும் அதோடு போனது. கேட்கப் போனோம். கடைக்கதவில் பூட்டு தொங்கியது, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அவன் எழுதிய பேருந்து நேர அட்டவணை நிரல், கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியல், தமிழில் கேள்வி கேட்கும் ஒரு சின்ன விளையாட்டு எல்லாம் போயிற்று. 14 வயதுப் பையன். அழவில்லை. "திரும்ப எழுதிக்கலாம் பெரியம்மா" என்றான். அந்தப் பேச்சுத்தான் என்னை வகுப்புத் தொடங்க வைத்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இது புதிதல்ல. பாட்டி 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அவர் நட்ட முருங்கை, தென்னை, வாசலில் அவரே இழைத்த சிமெண்டுத் தரை எதுவும் எங்கள் பெயரில் இல்லை. லாரியில் ஏற்ற முடிந்ததை ஏற்றினோம். அன்று எனக்குப் பதினெட்டு வயது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிரல் எழுதுபவர்கள் தங்கள் எழுத்தைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் கருவி கிட் (Git). லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. ஒரு கோப்புறையில் நாம் செய்யும் மாற்றங்களை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று வரிசையாகப் பதிந்து வைக்கும். அப்படிப் பதிந்த தொகுப்புக்குத் தமிழில் களஞ்சியம் என்று பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. கெடா மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று பள்ளியில் படித்திருக்கிறார்கள். பேருந்தில் அலோர் ஸ்டார் போகும் வழியெல்லாம் வயலைப் பார்த்திருக்கிறார்கள். களஞ்சியம் ஒன்று நம் கணினியில் இருக்கும். அதன் இன்னொரு பிரதியைத் தொலைவில் உள்ள கணினியில் வைத்தால் மடிக்கணினி பழுதானாலும், தொலைந்தாலும் எழுத்து பிழைக்கும். 2008-இல் தொடங்கிய கிட்ஹப் அப்படி வைக்க இடம் தரும் தளங்களில் ஒன்று. 2019 ஜனவரிக்கு முன் அங்கே மற்றவர் பார்க்காதபடி களஞ்சியம் வைக்கக் காசு கட்ட வேண்டும், இப்போது இலவசம்.

பதிவு என்பதை நான் அப்பாவின் செக்ரோல் புத்தகத்தை, அதாவது தோட்டத்து ஆள்வரவுப் பதிவேட்டை, வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். விடியற்காலைப் பெரட்டில், ஆட்கள் வந்து நிற்கும்போது, பெயர் கூப்பிட்டு, மையில் எழுதுவார். பிழையானால் அழிப்பான் கிடையாது. ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பார். கிட்டும் அந்த மாதிரிதான். ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாளம் உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். சத்தமில்லாமல் திருத்த முடியாது.

இதையெல்லாம் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். இழுபறி தொலைவுக் களஞ்சியத்தை உருவாக்குவதில்தான். தளத்தில் நுழைந்து, புதியது என்ற பொத்தானை அழுத்தி, பெயர் எழுதி, விளக்கம் எழுதி, பொதுவா தனிப்பட்டதா என்று தேர்ந்து, கீழே வரும் மூன்று நான்கு கேள்விகளைத் தாண்டி, உருவாக்கு என்று அழுத்தி, வரும் முகவரியைப் பிரதியெடுத்து, மறுபடி கட்டளைத் திரைக்கு, அதாவது கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரைக்கு, வந்து ஒட்ட வேண்டும். தொழிற்சாலையில் எனக்கு இது ஒரு நிமிட வேலை. ஒரே கைப்பேசி இணையத்தில் பிள்ளைகள் முறைபோட்டுச் செய்யும்போது இரண்டு மணி நேர வகுப்பில் 40 நிமிடம் போய்விடும். அதிலும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பைச் சேர்க்கவா என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டுவிட்டால் முடிந்தது. தொலைவில் உள்ள களஞ்சியத்தில் முதல் பதிவு ஒன்று உண்டாகிவிடும்; பிள்ளையின் கணினியில் வேறொரு முதல் பதிவு இருக்கும். இரண்டுக்கும் உறவில்லை என்று கிட் தள்ளிவிடும். பிள்ளைக்கோ தான் எழுதிய நிரலில்தான் குற்றம் என்று தோன்றும். முகம் வாடிவிடும். செய்யாத தப்புக்கு ஒரு பிள்ளை தலைகுனிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதனால் 22 வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்; கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் சிறு நிரல் அது. கட்டளைத் திரையில் அதன் பெயரையும் களஞ்சியத்தின் பெயரையும் எழுதி என்டர் தட்டினால் போதும். ஸ்கிரிப்டின் பெயர் 'புதுசு'. லினக்ஸில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் கட்டளைக்கு நடுவில் விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்து ரோமன் எழுத்தில் வைத்தேன்.

அது செய்வது இவ்வளவுதான். கொடுத்த பெயரை வாங்கிக்கொள்கிறது. கொடுக்க மறந்திருந்தால் 'பெயர் எங்கே?' என்று தமிழில் கேட்டு நின்றுவிடும். பிறகு இணையத்தில் தகவல் அனுப்பும் கர்ல் என்ற கருவியைக் கொண்டு, நிரல்கள் பேசுவதற்கென்று கிட்ஹப் வைத்திருக்கும் ஏபிஐ முகவரிக்கு, ஜேசன் என்ற வடிவில் ஒரு சிறிய தகவல் துண்டை அனுப்புகிறது. அதில் பெயர், விளக்கம், தனிப்பட்டதா இல்லையா என்ற மூன்று தகவல்கள். அங்கிருந்து ஓர் எண் பதிலாக வரும். 201 என்றால் களஞ்சியம் உருவாகிவிட்டது. 422 வந்தால் பெரும்பாலும் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறோம். 401 என்றால் டோக்கன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் நாம் காட்டும் சாவி, சரியில்லை. 201 வந்தால் மட்டுமே ஸ்கிரிப்ட் மேலே போகும்: தொலைவு முகவரியை ஆரிஜின் என்ற பெயரில் சேர்த்து, மெயின் என்ற முதன்மைக் கிளையைப் புஷ் செய்யும், அதாவது அதன் பதிவுகளைத் தொலைவுக் களஞ்சியத்துக்கு ஏற்றும். ரீட்மீ கட்டமே நடுவில் வருவதில்லை.

முதல் சனிக்கிழமை, படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி தட்டினாள். அவள் அப்பா சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருக்கிறார். கட்டிப்பாலை வியாபாரியிடம் போடுகிறார். 38 கிலோ நிறுத்தால் அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று வியாபாரி சொல்வதை வைத்துத்தான் பணம். 50 என்றால் 19 கிலோவுக்குக் காசு, 45 என்றால் 17 கிலோவுக்குச் சற்றே கூடுதல். ஒவ்வொரு முறையும் என்ன சதவீதம் போட்டார்கள் என்று எழுதி வைத்து, மாதக் கடைசியில் கூட்டிக் காட்டும் நிரலை அவள் எழுதியிருந்தாள். என்டர் தட்டியதும் இரண்டு வினாடி அமைதி. பிறகு "டீச்சர், இருநூத்தி ஒன்னு வந்துருச்சு!" என்று எழுந்து நின்றுவிட்டாள். அன்று எல்லாரும் முடிக்க 10 நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்கிரிப்டில் பிறகு நான் சேர்த்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 9 கணினியில் 14 பேர் என்பதால் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு வாரம், ஒரு பையன் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அதற்கு முன் அதில் எழுதிய பெண் பிள்ளையின் பெயரில் பதிவாகியிருந்தது. கிட்டில் யார் பெயரை அமைத்து வைத்திருக்கிறோமோ அதையே அது எழுதும். உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. பையன் பரவாயில்லை என்றான். எனக்குப் பரவாயில்லையாகத் தோன்றவில்லை. அன்றே கணினிகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு போட்டேன். ஸ்கிரிப்டும் இப்போது வேலையைத் தொடங்குமுன் 'எழுதுபவர் இன்னார், சரியா?' என்று கேட்கிறது. பிள்ளை ஆம் என்று சொன்ன பிறகே களஞ்சியம் உருவாகும்.

பெயர் என்றதும் இன்னொன்று. களஞ்சியத்துக்கு 'அப்பாவின் தராசு' என்று பெயர் வைக்க அந்த மாணவிக்கு ஆசை. கிட்ஹப் களஞ்சியப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி இவை மட்டுமே ஏற்கும். தமிழ் எழுத்து இருந்த இடத்தில் சிறுகோடுதான் நிற்கும். அவளுக்கு வருத்தம். எனக்கும்தான். ஆனால் விளக்கத்தில் தமிழ் தாராளமாகப் போகும். ஆகவே பெயரை ரோமன் எழுத்திலும், விளக்கத்தைத் தமிழிலும் ஸ்கிரிப்ட் தனித்தனியாகக் கேட்டு வாங்கும்படி மாற்றினேன். கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில் தடையே இல்லை. ஒரே சங்கடம், மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைத் தட்டினால் தமிழ்ப் பெயருக்குப் பதில் 340, 256 என்று எண்களாக வரும். பிள்ளைகள் கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். கெடவில்லை. கோர் குவோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை ஃபால்ஸ் (false) என்று ஒருமுறை மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ!

டோக்கன் பற்றி எச்சரிக்காமல் இதை எழுதுவது சரியாகாது. முன்பெல்லாம் ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லையே கொடுக்கலாம். கிட்ஹப் தன் ஏபிஐயில் அதை 2020 நவம்பரிலும், புஷ் போன்ற வேலைகளுக்கு 2021 ஆகஸ்டிலும் நிறுத்திவிட்டது. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு முயல்பவர்கள் ஏன் நடக்கவில்லை என்று தெரியாமல் தவிப்பது இதனால்தான். இப்போது கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கன். என்னென்ன வேலைக்கு, எத்தனை நாளைக்கு என்று அளந்து கொடுத்த சாவி அது.

2022-இல் நானே பெரிய தவறு செய்தேன். அவசரத்தில் டோக்கனை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி, அந்த ஸ்கிரிப்டைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மின்னஞ்சல்: உங்கள் டோக்கன் பொதுவில் காணப்பட்டது, ரத்து செய்துவிட்டோம். கிட்ஹப்பே தேடிப் பிடித்ததால் தப்பித்தேன். கோப்பிலிருந்து அழித்தாலும் பழைய பதிவில் அது அப்படியே இருக்கும். அப்பாவின் செக்ரோலில் அடித்த எழுத்து மாதிரி. வெளியே போன டோக்கனை ரத்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த மின்னஞ்சலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது ஒவ்வொருவரின் டோக்கனும் அவரவர் பயனர் கணக்கில் தனிக் கோப்பாக இருக்கிறது. வேறு பயனர் படிக்க முடியாதபடி அதற்கு அனுமதி எண் 600. ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிப்போம்.

கிட்ஹப்பில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். என் வகுப்பில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். வயதைக் கூட்டிப் போடச் சொன்ன பெற்றோர் உண்டு, நான் மறுத்துவிட்டேன். அவர்களுக்குப் பென் டிரைவ்தான் தொலைவுக் களஞ்சியம். களஞ்சியத்தைத் தொடங்கும் கிட் இனிட் கட்டளையோடு பேர் (bare) என்ற குறிப்பைச் சேர்த்தால், வேலை செய்யும் கோப்புகள் இல்லாமல் பதிவுகள் மட்டுமே உள்ள வெறும் களஞ்சியம் ஒன்று பென் டிரைவில் உண்டாகும். அதன் பாதையை ஆரிஜின் என்று சேர்த்துவிட்டால் புஷ் போகும், இணையமே வேண்டாம். வீட்டில் வேறு கணினியில் செருகினால் முழு வரலாறும் வரும். பிறகு 13 வயதானதும் அதே களஞ்சியத்தை, ஆறாம் ஆண்டில் எழுதிய முதல் பதிவு முதற்கொண்டு, கிட்ஹப்புக்கு ஏற்றலாம். இணையம் சரியாக வராத தோட்டங்களில் வகுப்பு நடத்துபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

வேலையிடத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: 2020-இலேயே கிட்ஹப்பின் சொந்தக் கட்டளைக் கருவி வந்துவிட்டதே, ஒரே வரியில் அது எல்லாம் செய்யுமே, கையால் ஸ்கிரிப்ட் எழுதுவானேன் என்று. உண்மைதான். எங்கள் பிள்ளைகளும் மூன்றாம் மாதத்திலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நுழைவது சுலபம், திரையில் வரும் எட்டெழுத்துக் குறியீட்டைக் கைப்பேசியில் போட்டால் போதும். ஆனாலும் முதலில் ஸ்கிரிப்டைத்தான் வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பேன். 201 எங்கிருந்து வருகிறது, 422 ஏன் வருகிறது என்று பார்த்த பிள்ளை, பிழைச் செய்தி வந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு முன் அதைப் படிக்கிறது.

கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஒரு பாட்டி பேரனைக் கூப்பிட வந்தவர், "இதுல எதாச்சும் தப்புத்தண்டா பண்றாங்களாம்மா?" என்று கேட்டார். உட்கார வைத்து, பேரனின் பதிவுகளை வரிசையாகக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் அவன் பெயர், தேதி, நேரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எல்லாத்துலயும் இவன் பேருதானா?" என்றார். ஆமாம் பாட்டி என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவரே கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போகிறார்.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இரண்டு. சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு நிரல் வகுப்பு நடத்தும் தமிழர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பிள்ளையின் நிரலை வகுப்பின் கணக்கில் வைக்காதீர்கள், பிள்ளை தன் கையால் தன் கணக்கில் உருவாக்கட்டும் என்று அவர்கள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தை வெளியிடுங்கள். அடுத்து, மாணவர் பக்கத்தில் இரண்டு ஞாயிறுகளுக்கு அரைப் பக்கம் கொடுங்கள். ஒன்றில் பென் டிரைவ் முறை, மற்றதில் அந்த 22 வரி. ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கம் எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம்.

அச்சிடும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டளைகளில் சில இடங்களில் இரண்டு சிறுகோடுகள் சேர்ந்து வரும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் அதை ஒரே நீளக்கோடாக மாற்றிவிடும். நேரான மேற்கோள் குறியையும் வளைத்துவிடும். அப்படி அச்சானதைப் பார்த்துத் தட்டினால் கட்டளை ஓடாது, பிள்ளை மறுபடியும் தன்மீதுதான் குற்றம் என்று நினைக்கும். ஆகையால் நிரல் வரிகளைப் படமாகவே அனுப்புகிறேன். எழுத்தாக மாற்றாமல் அப்படியே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை,
பாடாங் செராய், கெடா.